டிராமில் இருந்து இறங்கிய கணக்கு அதிகாரி

சர் சி.வி.ராமனுக்குப் பொறி தட்டிய நேரங்கள்

பெங்களூரில் சி.வி.ராமன் நகருக்குப் போகும் பஸ்சில் தினமும் எத்தனையோ பேர் ஏறி இறங்குகிறார்கள். அவர்களில் நம்மவர்களும் ஏராளம். உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றுதான் ஏறுகிறோம். பலகையில் உள்ள பெயரைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

அந்தப் பெயருக்கு உரியவரும் நம்மைப் போலவே வேலைக்காக ஊர் விட்டு ஊர் போனவர்தான். பிறந்தது திருச்சி. வேலை கிடைத்தது கல்கத்தாவில். பாஷை தெரியாத ஊர். காலை 10 மணிக்கு ஆபீஸ். மாலை 5 மணி வரை கணக்கு. இப்படிப் பத்து ஆண்டுகள் ஓடின. அந்தக் கணக்கு அதிகாரிதான் பிறகு நோபல் பரிசு பெற்றார்.

சில நேரம் நமக்குத் திடீரென்று ஒரு யோசனை உதிக்கும். நாள் கணக்காகப் புரியாத விஷயம், குளிக்கும்போதோ, பஸ்சில் தொங்கிக்கொண்டு போகும்போதோ, பளிச்சென்று விளங்கிவிடும். இதைத்தான் பொறி தட்டியது என்கிறோம். இது வெறும் அதிர்ஷ்டமா? அல்லது பொறி தட்டுவதற்கு நாம் ஏதாவது செய்ய முடியுமா?

இந்தக் கேள்விக்கு ராமனின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. அவருக்கும் பொறி தட்டியது. ஒரு முறை அல்ல, பல முறை. ஒவ்வொரு முறையும் அது எப்படித் தட்டியது என்று பார்ப்போம்.

வகுப்பில் ஒரு சிறுவன்

சந்திரசேகர வெங்கட்ட ராமன் 1888-ம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ந்தேதி திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தை பெயர் சந்திரசேகர அய்யர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் ராமன் இரண்டாவது.

ராமனுக்கு நாலு வயது நடக்கும்போது தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்தது. கணிதமும் பவுதிகமும் சொல்லிக் கொடுக்கும் வேலை. குடும்பம் மூட்டை முடிச்சோடு ஆந்திரக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆக, ராமன் வெளியூர்த் தமிழனாகவே வளர்ந்தார்.

வீட்டில் புத்தகங்கள் நிறைய இருந்தன. பையன் அவற்றை விழுங்கினான். 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினான். 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் சேர்ந்தபோது அவனுக்கு 14 வயது. வகுப்புக்கு வந்த ஆங்கிலேயப் பேராசிரியர், இந்தச் சிறுவன் வழி தவறி வந்துவிட்டானோ என்று சந்தேகப்பட்டு, நீ இந்த வகுப்புதானா என்று விசாரித்தாராம்.

1904-ல் பி.ஏ. தேறினார். மாகாணத்திலேயே முதல் மாணவர். பவுதிகத்தில் தங்கப் பதக்கமும் கிடைத்தது. அடுத்து எம்.ஏ. படிப்பு.

அந்த நாளில்தான் முதல் பொறி தட்டியது.

கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் மாணவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு சாதாரணப் பரிசோதனை உண்டு. முப்பட்டகக் கண்ணாடியின் கோணத்தை அளக்க வேண்டும். அளந்தோம், நோட்டில் எழுதினோம், மார்க்கு வாங்கினோம் என்று எல்லோரும் போய்விடுவார்கள். ராமனும் அளந்தார். அப்போது ஒளிக் கோடுகள் கொஞ்சம் விசித்திரமாக, ஒரு பக்கம் ஒரு மாதிரியாகவும் மறு பக்கம் வேறு மாதிரியாகவும் விழுவதைக் கவனித்தார்.

அந்தக் கோடுகளுக்கும் அவர் எழுத வேண்டிய விடைக்கும் சம்பந்தம் இல்லை. பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருக்கலாம். ராமன் அப்படி விடவில்லை. ஏன் இப்படி விழுகிறது என்று தானே பரிசோதனை செய்தார். கட்டுரை எழுதி லண்டனில் வெளிவந்த விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் அது அச்சாகி வந்தது. அப்போது அவருக்கு 18 வயது.

டாக்டர் சொன்ன தடை

மேல்படிப்புக்கு இங்கிலாந்து போவதுதான் அக்கால வழக்கம். ஆனால் ராமன் ஒல்லியான உடம்புக்காரர். சென்னையில் இருந்த ஆங்கிலேய டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு, இங்கிலாந்துக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று தடுத்துவிட்டார்.

இந்தியாவிலோ ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழி இல்லை. குடும்பமோ பெரியது. எனவே அரசாங்க நிதி இலாகா அதிகாரிகளுக்கான பரீட்சையை 1907-ல் எழுதினார். அகில இந்தியாவிலும் முதலாவதாகத் தேறினார்.

அதே ஆண்டு மே மாதம் லோகசுந்தரி அம்மாளுக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. இளம் தம்பதிகள் கல்கத்தாவுக்கு ரெயில் ஏறினார்கள். உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் உத்தியோகம். 19 வயது கூட நிரம்பாத பையனுக்கு இது பெரிய பதவி. நல்ல சம்பளம், பென்ஷன், மரியாதை. இனி வாழ்க்கைக்குக் கவலை இல்லை.

ஆனால் பவுதிகம்? அந்தக் கதவு மூடிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

கண்ணில் பட்ட பலகை

கல்கத்தாவில் பவுபஜார் தெருவை ஒட்டிய சந்தில் அவர்கள் வாடகைக்குக் குடியிருந்தார்கள். ஆபீசுக்கு டிராமில் போக வேண்டும்.

ஒரு நாள் டிராமில் போகும்போது பவுபஜார் தெரு 210-ம் எண் கட்டிடத்தில் ஒரு பெயர்ப் பலகை ராமன் கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அந்தத் தெருவில் தினமும் ஆயிரக் கணக்கானவர்கள் டிராமில் போனார்கள். எல்லோர் கண்ணிலும்தான் அந்தப் பலகை பட்டிருக்கும். ராமன் ஒருவர்தான் டிராமை விட்டு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார்.

மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்காள டாக்டர் 1876-ல் தொடங்கிய கழகம் அது. இந்தியர்கள் தாங்களே விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவருடைய கனவு. கட்டிடம் கட்டினார், கருவிகள் வாங்கினார். ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. அந்த ஏக்கத்தோடு 1904-ல் அவர் கண்ணை மூடினார். கருவிகள் தூசி படிந்து கிடந்தன.

டாக்டரின் மகன் அமிர்தலால் சர்க்கார் அப்போது செயலாளராக இருந்தார். தலைப்பாகை கட்டிய மதராஸ் இளைஞர் ஒருவர் வந்து, ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் இங்கே பரிசோதனை செய்யலாமா என்று கேட்டார். அமிர்தலாலுக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. தந்தை காத்திருந்த ஆள் தானாகவே வந்துவிட்டார் அல்லவா!

பலகை கண்ணில் பட்டது தற்செயல்தான். ஆனால் தேடுகிறவன் கண்ணுக்குத்தான் அது தெரிந்தது. வீடு தேடி அலைகிறவனுக்குத் தெருவில் எங்கே வாடகைப் பலகை தொங்கினாலும் தெரிகிறது. மற்றவர்களுக்குத் தெரிவது இல்லை. பொறி தட்டுவதும் இப்படித்தான். மனதில் ஒரு தேடல் இருந்தால்தான் அது தட்டும்.

விடியற்காலை முதல் இரவு வரை

அதன் பிறகு ராமனின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

விடியற்காலை 5.30 மணிக்குக் கழகத்துக்குப் போய்விடுவார். 9.45 மணிக்கு வீடு திரும்பி அவசரமாகக் குளிப்பார். நாலு வாய் சாதத்தை அள்ளிப் போட்டுக்கொள்வார். நேரம் ஆகிவிடக் கூடாது என்று வாடகை வண்டி பிடித்து ஆபீசுக்கு ஓடுவார்.

மாலை 5 மணிக்கு ஆபீஸ் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே கழகம். இரவு 9.30 அல்லது 10 மணிக்குத்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழகம். இதுதான் அவருடைய அட்டவணை.

ஆபீஸ் வேலையையும் அவர் தட்டிக் கழிக்கவில்லை. மேலதிகாரிகளிடம் நல்ல பெயர் வாங்கினார்.

இடையில் 1909-ல் ரங்கூனுக்கு மாற்றினார்கள். அடுத்து நாகபுரிக்கு மாற்றினார்கள். மாற்றல் வந்தால் படும் பாடு உத்தியோகஸ்தர்களுக்குத்தான் தெரியும். கழகமும் இல்லை, கருவியும் இல்லை. ராமன் வீட்டிலேயே ஒரு பகுதியைப் பரிசோதனைச் சாலை ஆக்கிக்கொண்டார். 1910-ல் தந்தை காலமானார். லீவு எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்த ராமன், காரியங்கள் முடிந்த பிறகு மீதி லீவை மாநிலக் கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் கழித்தார். 1911-ல் மீண்டும் கல்கத்தாவுக்கு மாற்றல் கிடைத்தது.

துணைக்கு நின்ற ஆசு பாபு

கழகத்தில் ராமனுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் ஆசுதோஷ் டே என்ற வங்காளி. எல்லோரும் ஆசு பாபு என்று கூப்பிடுவார்கள். கல்லூரிப் படியை மிதிக்காதவர். ஆனால் கைத்திறமை உள்ளவர். இவர் சுமார் 25 ஆண்டுகள் ராமனுக்கு வலது கையாக இருந்தார்.

இருவரும் சேர்ந்து வயலின், வீணை முதலிய வாத்தியங்களின் ஒலியை ஆராய்ந்தார்கள். வில் எப்படி நரம்பை அசைக்கிறது, நரம்பு எப்படி அதிர்கிறது என்று பார்ப்பதற்குத் தாங்களே இயந்திரம் செய்தார்கள். ஆசு பாபு தனியாக எழுதிய கட்டுரை ஒன்று லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்தது. பட்டம் இல்லாதவருக்கு இது எப்பேர்ப்பட்ட பெருமை!

மிருதங்கமும் தபேலாவும் மற்ற கொட்டுகளைப் போல் வெறும் சத்தமாக இல்லாமல் சுருதியோடு ஒலிப்பது ஏன் என்றும் ராமன் ஆராய்ந்தார். தோலின் மேல் தடவி இருக்கும் கருப்பு வட்டம்தான் காரணம் என்று கண்டார். அது தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, நரம்பு வாத்தியத்தைப் போல் இசை எழுப்ப வைக்கிறது. பல நூற்றாண்டுகளாக நம் காதில் விழுந்த ஓசைதான். ஏன் என்று கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

குறைந்த சம்பளத்துக்குத் துணிந்தார்

கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி நல்ல ரத்தினப் பரீட்சைக்காரர். ராமனைப் பவுதிகப் பேராசிரியர் பதவிக்கு அழைத்தார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பேராசிரியருக்குக் கிடைக்கும் சம்பளம், ராமன் அரசாங்கத்தில் வாங்கியதை விட மிகவும் குறைவு. நிதி இலாகாவில் இருந்தால் இன்னும் பெரிய பதவிகள் காத்திருந்தன. குடும்பஸ்தர் யாராக இருந்தாலும் யோசிப்பார்.

வேறு ஒரு நிபந்தனையும் இருந்தது. பேராசிரியராக வருகிறவர் வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்று வர வேண்டும். அதற்கு ராமன் சம்மதிக்கவில்லை. அவருக்காக அந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள்.

1917-ல் ராமன் அரசாங்க உத்தியோகத்தை விட்டு விலகினார். பேராசிரியர் ஆனார். கணவரின் முடிவுக்கு லோகசுந்தரி அம்மாள் குறுக்கே நிற்கவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராமன் எடுத்தவுடன் வேலையைத் தூக்கி எறிந்துவிடவில்லை. பத்து ஆண்டுகள் ஆபீசையும் ஆராய்ச்சியையும் சேர்த்தே சுமந்தார். காலை வைக்க உறுதியான இடம் கிடைத்த பிறகுதான் மறு காலை எடுத்தார்.

கப்பலில் பார்த்த நீலம்

1921-ம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்கு ராமன் போனார். இதுதான் அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம். குளிர் ஆகாது என்று டாக்டர் தடுத்த அதே இங்கிலாந்து!

கப்பல் மத்தியதரைக் கடலில் போயிற்று. அந்தக் கடலின் ஆழ்ந்த நீலம் ராமனின் மனதைப் பறித்தது. கப்பலில் இருந்த எல்லோரும் அந்த அழகை ரசித்தார்கள். ராமன், இது ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார்.

இதற்கு அப்போதே ஒரு பதில் இருந்தது. வானம் ஏன் நீலம் என்பதைக் கண்டு சொன்ன ராலே பிரபு, கடலின் நீலம் வானத்தின் நிழல்தான் என்று சொல்லி இருந்தார். உலகமே ஒப்புக்கொண்ட மேதை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

ராமன் பெட்டியில் நிக்கல் பட்டகம் என்ற சின்னக் கருவி இருந்தது. தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியைக் குறிப்பிட்ட கோணத்தில் இந்தப் பட்டகம் வழியாகப் பார்த்துத் திருப்பினால், அந்தத் திரும்பிய ஒளி மறைந்துவிடும். நார்க்குண்டா என்ற கப்பலில் ஊர் திரும்பும்போது மேல் தட்டில் நின்றுகொண்டு ராமன் அப்படிப் பார்த்தார்.

கடலின் நீலம் வானத்தின் நிழலாக இருந்தால், நிழலை மறைத்தவுடன் கடல் கருத்துப் போக வேண்டும். ஆனால் நடந்தது என்ன? கடல் முன்னைவிடப் பளிச்சென்று நீலமாகத் தெரிந்தது!

அப்படியானால் நீலம் தண்ணீருக்கு உள்ளே இருந்தே வருகிறது. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதற அடிக்கின்றன. நீர் சிவப்பு நிறத்தை உறிஞ்சிக்கொள்வதும் இதோடு சேர்ந்துதான் கடல் நீலமாகிறது. ராமன் கப்பலிலேயே கட்டுரை எழுதி, பம்பாய் வந்ததும் லண்டனுக்கு அனுப்பிவிட்டார்.

கையில் அந்தச் சின்னப் பட்டகம் இல்லாவிட்டால் கேள்வி கேள்வியாகவே போயிருக்கும். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் மறந்தும் போயிருக்கும். தச்சருக்கு உளி போல, ராமனுக்குப் பட்டகம்.

அழுக்கு என்று நினைத்தார்கள்

கல்கத்தா வந்ததும் ராமன் ஒளிச் சிதறல் ஆராய்ச்சியை முழு மூச்சாகத் தொடங்கினார். பல மாகாணங்களில் இருந்தும் இளைஞர்கள் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பாலக்காட்டைச் சேர்ந்த கே.ஆர்.ராமநாதன் ஒருவர். வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணன் மற்றொருவர்.

1923-ல் ராமநாதன் ஒரு பரிசோதனை செய்தார். சூரிய ஒளியை ஊதாக் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் செலுத்தினார். பக்கவாட்டில் இருந்து, ஊதா நிறத்தைத் தடுக்கும் பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒன்றுமே தெரியக் கூடாது. ஆனால் மிக மெல்லிய ஒரு வெளிச்சம் தெரிந்தது.

எங்கிருந்து வந்தது இந்த வெளிச்சம்? தண்ணீரில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அதுதான் ஒளிர்கிறது என்று நினைத்தார்கள். தண்ணீரை மறுபடியும் மறுபடியும் காய்ச்சி வடித்துச் சுத்தப்படுத்தினார்கள். வெளிச்சம் போகவில்லை. அழுக்கின் லேசான ஒளிர்வு என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். 1925-ல் கிருஷ்ணன் கண்ணிலும் இதே வெளிச்சம் பட்டது. அப்போதும் விடை கிடைக்கவில்லை.

நோபல் பரிசு கண்ணுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. அதை அழுக்கு என்று நினைத்தார்கள்! இப்படியே ஐந்து ஆண்டுகள் போயின.

வேறு யாராவதாக இருந்தால் மறந்திருப்பார்கள். ராமன் மனதில் அது முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை தடவை வடித்த பிறகும் போகாத அழுக்கு என்ன அழுக்கு?

இரவு 9 மணிக்கு வந்த யோசனை

1927 இறுதியில் ராமன் வால்டேருக்குப் போனார். விசாகப்பட்டினத்தை ஒட்டிய கடற்கரை. அவர் சிறுவனாக வளர்ந்த இடம்.

அமெரிக்காவைச் சேர்ந்த காம்ப்டனுக்கு அந்த ஆண்டுதான் நோபல் பரிசு கிடைத்திருந்தது. எக்ஸ் கதிர் சிதறும்போது அதன் அலைநீளம் மாறுகிறது என்று கண்டுபிடித்தவர் அவர். வால்டேரில் ராமன் இதைப் பற்றித்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

1928 ஜனவரியில் ஒரு புதுச் செய்தி கிடைத்தது. வெங்கடேசுவரன் என்ற மாணவர், பகலில் வேறு இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்துவந்தார். சுத்தமான கிளிசரினில் சூரிய ஒளியைச் செலுத்தினால், நீலமாகத் தெரிவதற்குப் பதில் பச்சையாக ஒரு வெளிச்சம் தெரிகிறது என்று அவர் கண்டார். அந்த வெளிச்சத்தைப் பட்டகம் வழியாகப் பார்த்துத் திருப்பினால் அது மிகவும் மங்கியது.

இதுதான் முக்கியமான துப்பு. அழுக்கினால் வரும் சாதாரண ஒளிர்வு பட்டகத்தைத் திருப்பினால் அவ்வளவாக மங்காது. சிதறிய ஒளிதான் அப்படி மங்கும். அப்படியானால் இது அழுக்கு இல்லை!

கணக்கு வேலைகளில் மூழ்கி இருந்த கிருஷ்ணனை ராமன் மீண்டும் பரிசோதனைக்கு இழுத்தார். கிருஷ்ணன் ஒவ்வொரு திரவமாகச் சோதித்தார். எல்லாவற்றிலும் அதே வெளிச்சம். பிப்ரவரி 7-ந்தேதி ராமன் தாமும் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

அன்று இரவு கிருஷ்ணனும் வெங்கடேசுவரனும் சாப்பாட்டை முடித்துவிட்டு அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். மணி 9 இருக்கும். திடீரென்று வாசலில் ராமன் வந்து நின்று கிருஷ்ணனைக் கூப்பிட்டார். பரபரப்பாக இருந்தார். இதுவரை அழுக்கு என்று நினைத்தோமே, அது ஒளிர்வே அல்ல. ஒளி சிதறும்போது அதன் நிறமே மாறுகிறது. எக்ஸ் கதிருக்குக் காம்ப்டன் கண்டதைப் போன்ற ஒரு விளைவு சாதாரண ஒளிக்கும் இருக்கிறது என்று ராமன் விளக்கினார். இத்தனை நாள் தேடியது இதைத்தான்!

கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் இந்த இரவை எழுதி வைத்திருந்தார். அதனால்தான் நமக்கு இது தெரிகிறது.

பொறி தட்டியது ஒரு கணத்தில்தான். ஆனால் அதற்குக் கல்கத்தாவில் 20 ஆண்டு விடியற்காலைகள் வேண்டியிருந்தன. கடலின் நீலம் வேண்டியிருந்தது. ராமநாதனின் தோல்வி, வெங்கடேசுவரனின் கிளிசரின், கிருஷ்ணனின் உழைப்பு எல்லாம் வேண்டியிருந்தன.

பிப்ரவரி 28

யோசனை உதித்துவிட்டால் போதுமா? நிரூபிக்க வேண்டாமா?

பிப்ரவரி 28-ந்தேதி பிற்பகல், சூரிய ஒளியில் ஒரு சிறு நிறப் பகுதியை மட்டும் பிரித்துத் திரவத்துக்குள் செலுத்தினார்கள். வெளியே சிதறி வந்த ஒளியை ஸ்பெக்ட்ராஸ்கோப் என்ற நிறம் பிரித்துக் காட்டும் கருவியில் பார்த்தார்கள். உள்ளே போன நிறம் ஓர் இடத்தில் தெரிந்தது. அதற்கு அப்பால் இருட்டு. இருட்டுக்கு அப்பால் தனியாகப் புது நிறம்!

சந்தேகமே இல்லை. ஒரு நிறமாக உள்ளே போகும் ஒளியில் கோடியில் ஒரு பங்கு அளவு, மூலக்கூறுகளோடு மோதிக் கொஞ்சம் சக்தியைக் கொடுத்தோ வாங்கியோ, வேறு நிறமாக வெளிவருகிறது. இதுதான் ராமன் விளைவு.

மறுநாள் பிப்ரவரி 29-ந்தேதி பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தார் ராமன். தாமதிக்காதது நல்லதாகப் போயிற்று. ரஷ்யாவில் மாஸ்கோ நகரில் லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் என்ற இருவரும் அதே சமயத்தில் படிகங்களில் இதையே கண்டிருந்தார்கள். அவர்கள் வெளியிட்டது சில மாதம் கழித்துத்தான்.

1928 மார்ச் 16-ந்தேதி தம் கண்டுபிடிப்பைப் பற்றி ராமன் விரிவாகச் சொற்பொழிவு ஆற்றினார். எங்கே தெரியுமா? நாம் வாழும் இதே பெங்களூரில்தான்.

1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்துக்காக இந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் ராமனே. முடிவு அறிவிப்பதற்கு முன்பே அவர் ஸ்வீடனுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டார் என்பது பிரசித்தம். தம் வேலையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை!

குறைகளும் உண்டு

1933-ல் ராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டராக வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். ஆனால் நிர்வாகத்தில் சச்சரவுகள் எழுந்தன. 1937-ல் டைரக்டர் பதவியை விட்டார். 1948 வரை பேராசிரியராக இருந்தார்.

ராமன் கோபக்காரர். பிறர் சொல்லைச் சுலபத்தில் ஏற்கமாட்டார். கமலா என்ற பம்பாய் மாணவி ஆராய்ச்சிக்கு இடம் கேட்டபோது, பெண் என்பதற்காகவே முதலில் மறுத்தார். அந்த மாணவி விடாமல் போராடினார். ஓர் ஆண்டு பார்ப்போம் என்ற நிபந்தனையோடுதான் ராமன் சேர்த்துக்கொண்டார். பிற்பாடு கமலா சோஹோனி என்ற பெயரில் அவர் பெரிய விஞ்ஞானி ஆனார்.

ராமன் விளைவில் கிருஷ்ணனின் பங்குக்கு உரிய பெருமை கிடைத்ததா என்ற கேள்வியும் இன்றுவரை உண்டு. யோசனை ஒருவர் மனதில் உதிக்கலாம். அதற்கு எண்ணெய் ஊற்றியவர்கள் பலர் என்பதை மறக்கக் கூடாது.

பொறி தட்ட என்ன வழி?

ராமனின் வாழ்க்கையைப் பார்த்தால் சில விஷயங்கள் தெரிகின்றன.

மனதில் ஒரு கேள்வியை எப்போதும் வைத்திருக்க வேண்டும். கேள்வி இல்லாதவனுக்குப் பதில் வாசலில் வந்து நின்றாலும் தெரியாது.

தினமும் அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்க வேண்டும். அரை மணி ஆனாலும் சரி, நாள் தவறக் கூடாது.

கணக்கில் இடிக்கும் ஒரு பைசாவை அலட்சியம் செய்யக் கூடாது. கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பேரேட்டில் ஒரு பைசா உதைத்தாலும் எங்கோ தவறு இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து ஆண்டாக இடித்த ஒரு மெல்லிய வெளிச்சத்தைத்தான் ராமன் விடாமல் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் சொன்னார் என்பதற்காகவே ஒன்றை நம்பிவிடக் கூடாது. முடிந்தால் நாமே பார்த்துவிட வேண்டும். அதற்கான கருவியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

முட்டிக்கொண்டு நின்றால் கொஞ்சம் இடம் மாறிப் பார்க்கலாம். ராமனுக்குக் கப்பலும் வால்டேரும் உதவின. நமக்கு ஊருக்குப் போகும் ரெயிலில் ஜன்னல் ஓரம் உதவக் கூடும்.

யோசனை வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும். ராமன் காலை வரை காத்திருக்கவில்லை. இரவு 9 மணிக்கே கிருஷ்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார். சொல்லும்போதுதான் அது தெளிவாகிறது. மறுநாள் சோதித்தும் பார்க்க வேண்டும். பளிச்சென்று தோன்றுவது எல்லாம் சரியாக இருந்துவிடாது.

மரம் நிற்கிறது

1948-ல் ராமன் பெங்களூரில் தம் பெயரால் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கினார். வைரம், பூக்களின் நிறம், கண் பார்வை என்று கடைசி வரை நிறங்களையே ஆராய்ந்துகொண்டிருந்தார். 1954-ல் பாரத ரத்னா பட்டம் கிடைத்தது. 1970 நவம்பர் 21-ந்தேதி, 82 வயதில் காலமானார். தாம் வளர்த்த கழகத் தோட்டத்திலேயே, சடங்கு எதுவும் இன்றி அவர் உடல் தகனம் செய்யப்பட்டது. அந்த இடத்தில் இன்று ஒரு மரம் நிற்கிறது.

பிப்ரவரி 28-ந்தேதியை 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம். போலி மருந்தைக் கண்டுபிடிக்கவும், ரத்தினக் கல் அசலா என்று பார்க்கவும் ராமன் விளைவு பயன்படுகிறது. 2021-ல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்க வண்டியிலும் அந்தக் கருவி இருக்கிறது.

அடுத்த முறை சி.வி.ராமன் நகர் பஸ்சில் ஏறும்போது, ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளியே பாருங்கள். நமக்கு என்று எழுதிய பலகை எந்தத் தெருவில் தொங்குகிறதோ, யார் கண்டது? கண்ணில் பட்டால் இறங்கிப் போய்க் கதவைத் தட்டத் தயங்க வேண்டாம்.